400 லாரி மணல்

அன்புள்ள தம்பிக்கு,

ஷேல் என்னும் இறுகிய பாறையில் எண்ணெய் எடுக்க, தண்ணீரையும் மணலையும் அழுத்தி இறக்கி விரிசல் உண்டாக்குகிறீர்களே, அதில் மணலைக் கூட்டினால் எண்ணெய் கூடுமா என்று நேற்று போனில் கேட்டாய். அடுப்படியில் இருந்த அவசரத்தில் "கூடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். 20 வருஷம் கிணற்றுச் செலவுக் கணக்கு பார்த்தவள் அதோடு விட்டிருக்கக் கூடாது.

உன் கிணற்றையே எடுத்துக்கொள். பாறைக்குள் கிடைமட்டமாகப் போகும் பக்கவாட்டு நீளம் 10,000 அடி. அடிக்கு 2,000 பவுண்டு மணல் என்றால் மொத்தம் சுமார் 9,000 டன், அதாவது ஏறக்குறைய 400 லாரி. அடிக்கு 50 பீப்பாய் தண்ணீர் வைத்தால் 8 கோடி லிட்டர். உன் திரையில் 2,000-ஐ 2,500 ஆக்க ஒரு நொடி போதும். என் மேஜைக்கு அது இன்னும் 100 லாரியாக வரும். கூடவே பம்பு ஓடும் நேரம், டீசல், கிணற்றிலிருந்து திரும்பி வரும் உப்புத் தண்ணீரை அப்புறப்படுத்தும் செலவு.

விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் முட்டுக்கொடுக்கிறது, சரி. ஆனால் எத்தனை டன் இறக்கினோம் என்பதைவிட அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் நான் கேட்பேன். ஒரு ஸ்டேஜில், அதாவது ஒரே தடவையில் பம்பு செய்யும் பகுதியில், பத்து கிளஸ்டர் (குழாயில் போடும் துளைக் கூட்டம்) வைத்தால் பத்தும் சமமாக வாங்குவதில்லை. முதலில் திறந்துகொண்டது மேலும் மேலும் வாங்கும். போகிற மணல் அதன் துளைகளை அரித்துப் பெரிதாக்க, இன்னும் வாங்கும். மற்றவை காய்ந்து கிடக்கும். துளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் ஒவ்வொன்றிலும் அழுத்தம் ஏறி, தண்ணீர் ஓரளவு சமமாகப் பிரியும். இதற்குப் பெரிய செலவில்லை. மணலைக் கூட்டுவதற்கு முன் இதைச் சரிபார்த்தாயா?

கிளஸ்டர்களை நெருக்கி வைப்பதிலும் நிதானம் வேண்டும். ஒரு விரிசல் பக்கத்துப் பாறையை இறுக்கிவிடும். அடுத்தது திறக்கத் திணறும்.

ஒருமுறை பில்லோடு ஓர் அழுத்த வரைபடம் வந்தது. ஒரு மணிநேரம் தட்டையாக ஓடிய கோடு, திடீரென்று சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது. மணல் அடைத்துக்கொண்டுவிட்டது. மெல்லிய தண்ணீரில், போதிய வேகமில்லாமல், மணலின் செறிவை அவசரமாக ஏற்றியிருந்தார்கள். குழாய் இறக்கிக் கழுவ இரண்டு நாள். மொத்த பம்புக் கூட்டமும் சும்மா நிற்க, வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கெட்டியான ஜெல் போட்டிருந்தால் மணலைச் சுமந்திருக்கும் என்றார் ஒருவர். சுமக்கும்தான், ஆனால் விலையும் கூட, அதன் கசடு விரிசலிலேயே தங்கி எண்ணெய்க்கு வழி மறிக்கும்.

இன்னொன்று. பெரிய வேலை செய்த கிணறு முதல் மாதத்தில் பிரமாதமாகக் கொட்டும். எல்லோரும் கை தட்டுவார்கள். ஷேல் கிணறு முதல் வருஷத்திலேயே பாதிக்கு மேல் சரிந்துவிடும் என்பதால் சீக்கிரம் வரும் எண்ணெய்க்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீ புது எண்ணெய் எடுக்கிறாயா, நாளைக்கு வரவேண்டியதை இன்றைக்கே எடுக்கிறாயா, இல்லை பக்கத்துக் கிணற்றுக்குப் போகவேண்டியதை இழுக்கிறாயா? மூன்றும் முதல் மாதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

பக்கத்துக் கிணறு என்றதும்தான் ஞாபகம். முன்பே எண்ணெய் எடுத்த கிணற்றைத் தாய் என்றும், அருகில் புதிதாகப் போடுவதைப் பிள்ளை என்றும் உங்கள் ஆட்கள் சொல்வார்களே! தாயைச் சுற்றி அழுத்தம் இறங்கிக் கிடப்பதால் பிள்ளையின் விரிசல் அந்தப் பக்கமே ஓடும். உன் 400 லாரியில் கொஞ்சம் அங்கே போய்த் தாயையும் அடைக்கும். நீ அனுப்பிய வரைபடத்தில் மேற்கே ஒரு பழைய கிணறு தெரிகிறது. அதன் இப்போதைய அழுத்தம் என்ன என்று நீ எங்கேயும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அந்த அழுத்த அளவையும், 2,000 பவுண்டுக்கும் 2,500-க்கும் தனித்தனியாக 24 மாத உற்பத்திக் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடு. அந்தக் கூடுதல் 100 லாரி கொண்டுவரும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் என்ன செலவு என்று சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா