மேற்படி பெண்ணுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்

தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதும், பேசும், திரையிடும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு சித்திரையிலும் எனக்கு ஒரு சின்ன வயிற்றெரிச்சல் வரும். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954 ஏப்ரல் 13 அன்று வெளியான படம் என்பதால் புத்தாண்டை ஒட்டி உங்களில் யாராவது அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவீர்கள், இல்லாவிட்டால் ஒரு காணொளி போடுவீர்கள். பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம், ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார், ஜாவர் சீதாராமனின் வசனம், மாருதிராவின் ஒளிப்பதிவு என்று எல்லாம் சரியாகவே வரும். கொலை செய்தது யார் என்பதையும் போகிற போக்கில் உடைத்துவிடுவீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அப்புறம் தவறாமல் அந்த வரி வரும்: "அகிரா குரோசாவாவின் ராஷோமோனைத் தழுவியது." ராஷோமோன், ஒரே கொலையை ஒவ்வொருவரும் வேறுவேறாகச் சொல்லும் ஜப்பானியப் படம். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

அந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆண்டு மலருக்காக, வேறொரு கட்டுரையைப் பார்த்து அப்படியே எழுதினேன். அன்றைக்கு நான் ராஷோமோனைப் பார்த்திருக்கவில்லை. எனக்கு முன்னால் எழுதியவர் பார்த்திருந்தாரா என்பதும் சந்தேகம்தான். நம் பத்திரிகை உலகில் சில வரிகள் இப்படித்தான் பரம்பரைச் சொத்து மாதிரி கைமாறிக்கொண்டே வருகின்றன.

பல வருஷம் கழித்து ஒரு மழை ராத்திரி, தூக்கம் வராமல் ஒரு பழைய பிரிட்டிஷ் படத்தைப் போட்டேன். 1950இல் வந்த 'தி வுமன் இன் க்வெஸ்ச்சன்'. இயக்கம் அந்தோணி ஆஸ்க்வித். கால் மணி நேரம் போயிருக்கும், எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கடிதம் அந்தப் படத்தைப் பற்றித்தான்.

தலைப்பே ஒரு குறும்பு. போலீஸ்காரர்கள் பேசுகிற ஆங்கிலத்தில் அதற்கு 'சம்பந்தப்பட்ட பெண்' என்று பொருள். நம் ஊர் எஃப்.ஐ.ஆர். எழுதுகிற ஏட்டையா பாஷையில் சொன்னால் 'மேற்படி பெண்'. ஆனால் 'எப்படிப்பட்டவள் என்பதே கேள்வியாகிவிட்ட பெண்' என்றும் படிக்கலாம். படம் முழுக்க அந்த இரண்டாவது அர்த்தம்தான்.

கடலோரக் கேளிக்கைத் தலம் ஒன்றில் 'ஆஸ்ட்ரா' என்ற பெயரில் குறி சொல்லிப் பிழைப்பவள் ஆக்னஸ். தன் படுக்கையறையில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறாள். விசாரிக்க சூப்பரிண்டெண்டெண்ட் லாட்ஜ் வருகிறார். ஐந்து பேரிடம் கேட்கிறார். வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்ட மிஸஸ் ஃபின்ச், தங்கை கேத்தரின், அந்தத் தங்கையை மணக்க இருக்கும் மேடைக் கலைஞன் பாப் பேக்கர், எதிர்த்தாற்போல் பறவைகளும் பிராணிகளும் விற்கிற கடைக்காரர் போலார்ட், கப்பலில் வேலை பார்க்கும் ஐரிஷ்காரன் மரே. ஐந்து பேரும் ஆக்னஸைப் பற்றிச் சொல்கிறார்கள். ஐந்து ஆக்னஸ்கள் வருகிறார்கள்.

மிஸஸ் ஃபின்ச் வாயில் அவள் சீமாட்டி. பேச்சு நாகரிகம், நடை நாகரிகம், யாரையும் முகம் சுளிக்காத பெருந்தன்மை. அதே ஆக்னஸ் கேத்தரின் சொல்லும்போது தலை கலைந்து, குடித்துவிட்டு எழுந்த முகத்தோடு, அறை முழுக்கப் போட்டது போட்டபடி கிடக்க, வந்தவளைப் பார்த்துக் கத்துகிறாள். புருஷன் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவள் என்கிறாள் தங்கை. அக்கா தங்கை சண்டை ஒன்றுதான், நாம் அதை இரண்டு தடவை பார்க்கிறோம். முதல் தடவை தங்கை ராட்சசி, இரண்டாம் தடவை அக்கா ராட்சசி. இதில் எனக்குப் பிடித்த சங்கதி, சொல்கிறவர்களும் மாறிவிடுவது. மிஸஸ் ஃபின்ச் தன் கதையில் வரும்போது அடக்கமான, ஒழுங்கான பெண்மணி. தங்கை சொல்லும் கதையில் அதே அம்மாள் வாயாடி. இந்த வேஷத்தைக் கட்டிய ஹெர்மியோன் பாட்லி, பின்னாளில் 'ரூம் அட் தி டாப்' படத்தில் மொத்தமே இரண்டரை நிமிஷத்துக்குள் வந்துபோய் ஆஸ்கர் பரிந்துரை வாங்கியவர். இங்கே நிறையவே வருகிறார்.

பேக்கர் சொன்னால் அவள் வலை விரிப்பவள். போலார்ட் சொன்னால் தேவதை. மரேயின் கதையில் முதலில் காதலி, அப்புறம் துரோகி. ஐந்து ஆக்னஸ்களையும் நடித்தது ஜீன் கென்ட் என்ற ஒரே நடிகை. ஒட்டுமூக்கு, பொய்ப்பல் எதுவும் கிடையாது. குரலையும் உட்காரும் விதத்தையும் உடுப்பையும் மாற்றியே ஆளை மாற்றிவிடுகிறார். பிரிட்டிஷ் ரசிகர்களுக்கு அவர் கெட்டுப்போன பெண் வேஷங்களுக்குப் பழகிய முகம். அந்தப் பழக்கத்தையே ஆஸ்க்வித் பயன்படுத்திக்கொள்கிறார். நல்லவளாக வரும்போது நமக்கு நம்பிக்கை வர மறுக்கிறது. கெட்டவளாக வந்தால் சட்டென்று தலையாட்டிவிடுகிறோம்.

ஃபிலிம் நுவார் என்கிற இருண்ட குற்றப்பட வகையில் ஆணை நாசமாக்கும் அழகி ஒருத்தி கட்டாயம் வேண்டும், சாம்பாருக்குப் புளி மாதிரி. இந்தப் படம் அந்த அழகியையே விசாரணைக் கூண்டில் ஏற்றிவிட்டு, 'இவள் நிஜமாகவே அப்படியா, அல்லது சொல்கிறவன் அப்படிச் செய்தானா?' என்று கேட்கிறது. செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்லப்போவதில்லை. படம் முடிந்த பிறகும் அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. கொலையாளி மட்டும் பிடிபடுகிறார். யார் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

சரி, இப்போது வழக்குக்கு வருவோம். ராஷோமோனில் விசாரிப்பவரின் முகம் தெரியாது, குரல்கூடக் கேட்காது. சாட்சிகள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள், நாம்தான் நீதிபதி. முக்கியமாக, அங்கே கொள்ளைக்காரன் 'நான்தான் கொன்றேன்' என்கிறான், கொல்லப்பட்ட சாமுராய் வீரனின் மனைவி தன் கையால் ஆகியிருக்கலாம் என்கிறாள், செத்துப்போன சாமுராயே ஆவியாக வந்து 'நானே குத்திக்கொண்டேன்' என்கிறான். பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற விசித்திரம் அந்தப் படத்தின் உயிர். கடைசிவரை உண்மை இதுதான் என்று யாரும் முடித்துக் கொடுப்பதில்லை.

'அந்த நாள்' அப்படியா இருக்கிறது? ராஜன் என்ற ரேடியோ என்ஜினீயர் கொல்லப்படுகிறான். பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை ஓடிப்போய்ப் போலீசில் சொல்கிறார். சி.ஐ.டி. சிவானந்தம் வருகிறார். அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி என்று ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்கிறார். யாரும் 'நான்தான்' என்று சொல்வதில்லை. எல்லோருடைய விரலும் அடுத்தவர் பக்கமே நீளுகிறது. ஒவ்வொரு வாக்குமூலத்திலும் ராஜன் வேறு ராஜனாக இருக்கிறான். கடைசியில் முடிச்சு அவிழ்கிறது. இந்த எலும்புக்கூட்டை வைத்துப் பார்த்தால் ஜாடை யாருடையது? ராஷோமோனில் கியோட்டோ மழையில் நிற்கும் வாசலின் ஜாடை இல்லை. கடலோர ஊரின் மாடியறையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் லாட்ஜின் ஜாடை.

"ஆஸ்க்வித்தே ராஷோமோனைப் பார்த்துத்தானே எடுத்திருப்பார்?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான சந்தேகம். காலண்டரைப் பார்த்தால் தீர்ந்துவிடும். ராஷோமோன் ஜப்பானில் வெளியானது 1950 ஆகஸ்டில். வெளியுலகுக்கு அது தெரிய வந்தது 1951 செப்டம்பரில், வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய பிறகு. பிரிட்டிஷ் படமோ 1950லேயே திரைக்கு வந்துவிட்டது. ஒருவரை ஒருவர் அறியாமல், உலகத்தின் இரண்டு கோடிகளில் இருவர் ஒரே வருஷத்தில் சாட்சிகளை நம்ப மறுத்திருக்கிறார்கள். போர் முடிந்து ஐந்தே வருஷம். இரண்டு தீவுகளும் அப்போது ரேஷன் அரிசியும் ரேஷன் இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அதே 1950 மார்ச் 9 அன்று லண்டன் பெண்டன்வில் சிறையில் திமோத்தி எவன்ஸ் என்ற இளைஞர் தூக்கிலிடப்பட்டார். பெற்ற குழந்தையைக் கொன்றதாகத் தீர்ப்பு. அவருக்கு எதிராக முக்கிய சாட்சி சொன்னவர், அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. 1953இல் அந்தக் கிறிஸ்டியின் குடியிருப்பில், சமையலறைச் சுவருக்குப் பின்னாலும் தரைப்பலகைக்கு அடியிலும் பெண்களின் உடல்கள் கிடைத்தன. எவன்ஸுக்கு மன்னிப்பு வந்தது 1966இல், செத்துப் பதினாறு வருஷம் கழித்து. ஆஸ்க்வித் இதை மனதில் வைத்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அண்டை வீட்டார் சொன்னதை எழுதிக்கொண்டு ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்புகிற நாட்டில் வந்த படம் அது. லாட்ஜ் ஒவ்வொருவர் பேச்சையும் பொறுமையாகக் குறித்துக்கொள்வதைப் பார்க்கும்போது இப்போது எனக்கு முதுகுத்தண்டு சிலிர்க்கிறது.

ஆஸ்க்வித்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரதமராக இருந்தவரின் மகன். லெஸ்லி ஹோவார்டோடு சேர்ந்து 'பிக்மேலியன்' எடுத்தவர், 'தி பிரௌனிங் வெர்ஷன்' எடுத்தவர். மேடை நாடகங்களைப் பவ்வியமாகப் படமாக்குகிறவர் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டதால் இந்தக் கொலைக் கதையை அவர் ஊரிலேயே யாரும் பெரிதாகத் தூக்கிப் பிடிப்பதில்லை. அமெரிக்காவில் 'ஃபைவ் ஆங்கிள்ஸ் ஆன் மர்டர்' என்று பேரை மாற்றி, தலைப்பில் இருந்த குறும்பையும் துடைத்துவிட்டார்கள். படத்தில் குறை இல்லாமல் இல்லை. மரேயின் பகுதி இழுக்கும். பேக்கராக வரும் டர்க் போகார்ட் அமெரிக்கன் மாதிரி பேச முயல்வதைக் கேட்டால் சிரிப்பு வரும். இருந்தாலும் டெஸ்மண்ட் டிக்கின்சனின் ஒளிப்பதிவில் அந்த ஒரே அறை ஆள் சொல்லச் சொல்ல விரிந்தும் சுருங்கியும் போவதற்காக இரண்டாம் தடவை பார்க்கலாம்.

இதைச் சொல்வதால் எஸ். பாலசந்தருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. (வீணை பாலசந்தர்தான். கே. பாலசந்தர் என்று அச்சில் பார்த்ததும் உண்டு, அந்தக் கோபத்தை இன்னொரு கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.) அவர் ஒரு திரைப்பட விழாவில் ராஷோமோனைப் பார்த்து உந்துதல் பெற்றார் என்பது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. பிரிட்டிஷ் படத்தைக் காப்பியடித்தார் என்றும் நான் எழுத மாட்டேன், நீங்களும் எழுத வேண்டாம். ஜாடை இருக்கிறது என்று எழுதுங்கள், போதும். ஒரு பழியை எடுத்துவிட்டு இன்னொரு பழியைப் போடுவதற்காக நான் இவ்வளவு தூரம் வரவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் பாலசந்தரின் கை தெரியும். ஆஸ்க்வித் படத்தில் பிணம் பெண். ஊரே கூடி அவள் ஒழுக்கத்தை அளக்கிறது. இங்கே பிணம் ஆண், ஒழுக்கக் கணக்கும் உண்டு, ஆனால் அதற்கு மேல் 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட ராத்திரியின் பயம் கவிந்திருக்கிறது. 'இவன் எப்படிப்பட்ட ஆள்?' என்ற கேள்வி மெல்ல மெல்ல 'இவன் எந்தப் பக்கத்து ஆள்?' என்று மாறுகிறது. லாட்ஜிடம் இல்லாத நக்கல் சிவானந்தத்திடம் இருக்கிறது. ஜப்பானியருக்குத் துப்பு கொடுப்பது பற்றிய ஒரு கதையை நாம் எழுபது வருஷமாக ஜப்பான் கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறோம் என்பதை நினைத்தால் சிவானந்தமே சிரித்துவிடுவார்.

போன வருஷம் ஒரு பத்திரிகைக்கு இதை மூன்று பத்தியில் எழுதிப் போட்டேன். 'ராஷோமோன் என்றால்தான் வாசகர்களுக்குப் புரியும்' என்று பதில் வந்தது. அதனால்தான் உங்களுக்கே நேராக எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த சித்திரையில் எழுதும்போது அந்தப் பழைய வரிக்குப் பக்கத்தில் ஆஸ்க்வித் பேரையும் ஜீன் கென்ட் பேரையும் சேர்த்து ஒரு வரி எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் மூன்று படங்களையும் பாருங்கள். திரையிடல் நடத்துகிறவர்கள் இரண்டு படத்தை ஒரே மாலையில் போடலாம். பிரிட்டிஷ் படம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, 88 நிமிஷம். அதை முதலில் போடுங்கள், நடுவில் ஒரு டீ, அப்புறம் 'அந்த நாள்'. இடைவேளையில் யாரிடமும் மைக்கைக் கொடுக்க வேண்டாம், கட்டாயம் யாராவது கொலையாளி பேரைச் சொல்லிவிடுவார்கள். நாற்காலி போடவும் டீ ஊற்றவும் ஆள் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன்.

அன்புடன்,
அந்த வரியை ஒரு காலத்தில் தானும் எழுதியவன்