இலவசம் என்று போர்டு வைத்தால் போதுமா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வசதியில்லாத பிள்ளைகளுக்காக நீ நடத்தும் இலவச எழுத்துப் பட்டறைக்கு முப்பது பேர் பெயர் கொடுத்தார்கள், மூன்றாவது வாரம் ஆறு பேர்தான் வந்தார்கள் என்று நொந்துபோய் எழுதியிருக்கிறாய். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதே. அனுமதி இலவசம்தான், பஸ் காசு? ரசீதைக் காட்டிப் பிறகு வாங்கிக்கொள் என்பதெல்லாம் கையில் காசு இருப்பவனுக்குச் செய்யும் உதவி. அடுத்த வாரத்துக்கான பஸ் காசை இந்த வாரமே கொடுத்துவிடு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நின்றுபோகிறவர்களும் உண்டு. கூட்டிக்கொண்டே வரச் சொல், ஒரு மூலையில் வரைதாளும் கலர் பென்சிலும் போதும்.

விண்ணப்பத்தில் ‘ஏன் எழுத விரும்புகிறாய், 200 சொற்களில்’ என்று கேட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர்களைத்தான் அது பொறுக்கி எடுக்கும்.

2002-இல் சான்பிரான்சிஸ்கோவில் ‘826 வலென்சியா’ என்ற பிள்ளைகளுக்கான எழுத்து மையத்தைத் தொடங்கியவர்களுக்கு ஒரு சிக்கல். அந்த இடத்தில் கடை நடத்தியே ஆக வேண்டும் என்பது விதி. வாசலில் கடற்கொள்ளையர் சாமான் கடை போட்டு, பின்னால் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அதில் பிடித்தது, ‘பின்தங்கியோர் உதவி மையம்’ என்ற பலகையின் கீழே கூச்சத்தோடு நுழைய வேண்டியதில்லை என்பது. உன் பலகையிலும் ‘பின்தங்கியோர்’ என்ற வார்த்தை வேண்டாம்.

முதல் நாள் வெற்றுத்தாளை நீட்டாதே. டப்ளினில் 2009-இல் தொடங்கிய ‘ஃபைட்டிங் வேர்ட்ஸ்’ எழுத்து மையத்தின் முறை நல்லது: எல்லோரும் சேர்ந்து கதையின் தொடக்கத்தைச் சொல்ல, ஒருவர் தட்டச்சு செய்கிறார், அது திரையில் தெரிகிறது. மிச்சக் கதையை அவரவர் தனியே எழுதுகிறார்கள். திரை இல்லாவிட்டால் கரும்பலகை. ‘என் கனவு’ மாதிரித் தலைப்புகளுக்குக் கட்டுரைதான் வரும். ‘உங்கள் வீட்டில் காலையில் முதலில் கேட்கும் சத்தம் எது?’ என்று கேட்டுப் பார்.

தன்னார்வலர்கள்தான் பெரிய தலைவலி. ஐந்து பேருக்கு ஒருவர் என்று வை, ஆனால் அவர்கள் கையில் பேனா இருக்கக் கூடாது. இருந்தால் ‘நாங்க போனோம்’ என்பதை ‘நாங்கள் சென்றோம்’ என்று திருத்திவிடுவார்கள், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வராது. எழுத வராத பிள்ளை சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்கும்போது மட்டும் பேனாவை எடுக்கட்டும், அதுவும் சொன்னதைச் சொன்னபடியே. இன்னொன்று, சோகக் கதையை யாரிடமும் கேட்டு வாங்காதே. நன்கொடையாளருக்குப் பிடிக்கும் என்பதற்காகக் கேட்பது அநியாயம். நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போக விரும்பாதவர்களுக்கு அங்கேயே ஒரு பூட்டிய பெட்டி வேண்டும். சில வீடுகளில் எல்லோரும் பிரித்துப் படிப்பார்கள்.

முடிவில் புத்தகம் கட்டாயம். நான்கு ஏ4 தாளை இரண்டாக மடித்தால் 16 பக்கம்: பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு ஒன்று, மிச்சம் நான்கு அட்டைக்கும் பொருளடக்கத்துக்கும். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், இல்லாவிட்டால் வெற்றுப் பக்கம் விழும். சாதாரண ஸ்டேப்ளர் மடிப்புவரை எட்டாது. மூன்று துளையிட்டு ஊசிநூலால் தைத்துவிடு, அதுதான் உறுதியும்கூட. ஆளுக்கு மூன்று பிரதி கொடு. சொந்தப் பெயரா, புனைபெயரா என்பதை எழுதியவரிடமே கேள். அச்சுக்குப் போகும்வரை படைப்பைத் திரும்பப் பெறலாம் என்றும் சொல்லி வை.

அடுத்த சுற்றில் நான்காவது வாரம் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்