ஆசிரியர் பயிற்சிகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு, திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். டிஜிட்டல் கற்பித்தல் பற்றி அண்மையில் திருகோணமலை நகரில் நீங்கள் நடத்திய ஒருநாள் செயலமர்வுக்கு வந்த ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து விடியுமுன் பஸ் ஏறி வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். மல்டிமீடியாவில் விழுந்த ஆங்கில ஸ்லைட்டுகளை வளவாளர் ஒவ்வொன்றாக வாசித்தார். மண்டபத்தில் இருந்த ஒரே மடிகணினி அவருடையது. பின்னேரம்வரை எங்களில் ஒருவர் விரலும் ஒரு விசையில் படவில்லை. எங்கள் பாடசாலையின் மூத்த கணித ரீச்சர் கேள்வி கேட்கக் கையை உயர்த்தினார். நேரம் போய்விட்டது, கையொப்பம் வைத்துவிட்டுச் சான்றிதழை எடுங்கள் என்றார்கள்.

அவர் ஏன் கையை உயர்த்தினார் என்று சொல்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் பட்ட பாடு நீங்கள் அறிந்ததே. பாடசாலை பூட்டியிருந்தது, சாதாரண தரப் பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்த இரவுகளில் ரீச்சர் விழித்திருந்து, தனக்குப் பழகிய பாமினி எழுத்துருவில் ஒரு மாதிரி வினாத்தாளைத் தட்டச்சு செய்து வட்ஸ்அப் குழுவில் போட்டார். பிள்ளைகள் திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் வரிசையாக நின்றன. போனில் பாமினி இல்லாவிட்டால் அப்படித்தான் வரும். அது ரீச்சருக்குத் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. “ரீச்சர், இது என்ன பாஷை?” என்று ஒரு தாய் குரல் பதிவு அனுப்பினார். ரீச்சர் முழுவதையும் திரும்பத் தட்டி அனுப்பினார். அதுவும் அப்படியே வந்தது. கடைசியில் கையால் எழுதிப் படமெடுத்துப் போட்டார். விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம். பின்னம் எது, அடுக்கு எது என்று தெரியாமல் பிள்ளைகள் ஊகித்துக் கணக்குச் செய்தார்கள்.

பாடசாலை திறந்த பிறகு எங்கள் கணினி ஆசிரியர் பக்கத்தில் இருந்து, எழுத்து மாறாமல் வரும்படி அந்தக் கோப்பைப் பிடிஎப் ஆக்கி அனுப்பும் முறையை ரீச்சருக்குக் காட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காலமெல்லாம் கணிதம் படிப்பித்த ஒருவர் பிள்ளைகளுக்கு முன்னால் கூனிக்குறுகி நின்றதற்கு யார் பொறுப்பு? எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் எழுத்தோடு கணிதக் குறியீடுகளைச் சேர்த்து எப்படித் தட்டுவது என்றுதான் அன்று அவர் கேட்க நினைத்தார்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். எங்கள் பாடத்தை வைத்து, தமிழில், எங்கள் கையாலேயே செய்து பழகும் பயிற்சி தாருங்கள்.

கணினியைத் திறந்து மூடத் தெரிந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஆசிரியர்களின் தகவல் தொழினுட்பத் தேர்ச்சிக்காக யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட சட்டகம் ஆறு அம்சங்களைப் பேசுகிறது. கருவியைக் கையாளும் திறன் அதில் ஒன்று மட்டுமே. கலைத்திட்டம், மதிப்பீடு, கற்பித்தல் முறை எல்லாம் அதில் உண்டு. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். குருதிச் சுற்றோட்டம் பற்றிய ஒரு காணொளியை முழுவதும் ஓடவிட்டால் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். வலது இதயவறையிலிருந்து குருதி புறப்படும் இடத்தில் நிறுத்தி, “இனி எங்கே போகும்?” என்று கேட்டால்தான் அது பாடம். ஐந்து கேள்விகளைக் கூகுள் படிவத்தில் கொடுத்தால், எந்தக் கேள்வியில் வகுப்பே பிழைவிட்டது என்று அன்றிரவே தெரியும். அடுத்த நாள் அங்கிருந்து தொடங்கலாம். இதை ஸ்லைட் பார்த்துப் பழக முடியாது.

2020இல் கொரோனா, 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு, பிறகு இந்த வெள்ளம். ஒவ்வொரு முறையும் இணையவழியில் படிப்பியுங்கள் என்ற அறிவுறுத்தல் மட்டும் தவறாமல் வந்தது. எத்தனை கருவி இருக்கிறது என்று படிவம் அனுப்பிக் கேட்கிறீர்கள். ஸ்மார்ட் போர்டைத் துணியால் மூடி, சாவியை அலுமாரியில் வைத்திருக்கும் பாடசாலையும் அந்தப் படிவத்தைச் சரியாகத்தான் நிரப்புகிறது. அதில் எத்தனை பாடம் நடந்தது என்று ஒருநாளாவது கேட்டீர்களா? தனியார் வகுப்புக்குக் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு எங்களை விட்டால் வேறு ஆளில்லை என்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. பொறுத்தருள வேண்டும்.

பெரிய செலவும் தேவையில்லை. கல்வி வலயங்களில் கணினி வள நிலையங்கள் இருக்கின்றன. எங்கள் பாடசாலைகளின் கணினி ஆசிரியர்களையே வளவாளர்களாக எடுங்கள், அவர்களுக்குரிய கொடுப்பனவையும் கொடுங்கள். ஒரே பாடம் படிப்பிப்பவர்களைச் சிறு குழுவாக அழையுங்கள். அப்புறம், ஒரு நாளோடு முடித்துவிடாமல், தவணைக்கு ஒரு முறையாவது ஆசிரிய ஆலோசகர் வகுப்புக்கு வந்து பார்க்கட்டும்.

அடுத்த பயிற்சியை மூதூரிலோ கிண்ணியாவிலோ வைத்தால் தூரத்தில் இருந்து வருபவர்களுக்கு உதவியாக இருக்கும். என்ன பாட அலகு என்று முன்கூட்டியே அறிவித்தால் நாங்கள் ஆயத்தமாக வருவோம். எங்கள் பாடத்தை வைத்து, தமிழில், கையால் செய்து பழகும் பயிற்சியாக அது இருக்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கணித ரீச்சரின் கேள்விக்கும் அன்று தயவுசெய்து நேரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
மூதூர்ப் பகுதி ஆசிரியை ஒருவர்