சுவரும் கூரையும் மூடப்படும் முன் ஒருமுறை பாருங்கள்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலாளர் அவர்கள், தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை இயக்குநர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பன்மாடிக் கட்டடங்களில் மின் பணிகளையும் குளிர்சாதனப் பணிகளையும் மேற்பார்வை செய்து வரும் பொறியாளன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். உயர்ந்த கட்டடம் ஒன்றுக்குப் பணி நிறைவுச் சான்று வழங்கும் முன் உங்கள் அலுவலர்கள் நேரில் வந்து தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு, பம்பின் அழுத்தம், தெளிப்பான்கள், அபாய மணி, தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்கான வழி ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். அந்தப் பணியில் அவர்கள் காட்டும் கண்டிப்பைப் பலமுறை நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் வரும் நாளில் கட்டடத்தின் தீத்தடுப்பில் ஒரு பெரும் பகுதி சுவருக்குள்ளும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும், கேபிளும் குழாயும் குளிர்காற்றும் செல்லும் வழிகளான டக்டுகளுக்குள்ளும் மறைந்துபோயிருக்கிறது. விசையோ மின்சாரமோ மனிதரோ இல்லாமல், இருந்த இடத்திலேயே இருந்து தீயையும் புகையையும் தடுத்து நிறுத்த வேண்டிய அந்தப் பகுதியை, அது மூடப்படும் முன் யாரும் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், மக்கள் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு கட்டடத்தில் புதிய கேபிள் இழுப்பதற்காக நான்காம் தளத்து மின் டக்டைத் திறந்தோம். தளத்துக்குத் தளம் ஸ்லாபில் கேபிள் செல்ல விட்டிருந்த துளைகள் இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கும் பொருளால் அடைக்கப்பட்டிருப்பதாக வரைபடம் சொன்னது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, அடுத்தடுத்த மூன்று தளங்களில் துளை அடைக்கப்படவே இல்லை. மற்ற தளங்களில் காலிச் சிமென்ட் சாக்கையும் தெர்மாகோல் துண்டுகளையும் திணித்து, மேலே ஒரு விரல்கடை அளவுக்குச் சிமென்ட் பூசி வைத்திருந்தார்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு அது முழுமையான தளமாகவே தெரியும். அந்தக் கட்டடத்திடம் எல்லாச் சான்றுகளும் இருந்தன. பணிக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் என் மேற்பார்வையில் மூடப்பட்ட டக்டுகளையும் நான் இப்படித் திறந்து பார்த்ததில்லை என்பதை அன்றிரவு நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்புதான் இம்மடலுக்குக் காரணம்.

தீ விபத்துகளில் இறப்பவர்களில் மிகப் பலர் தீயைப் பார்க்காமலேயே இறக்கிறார்கள். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபகார் திரையரங்கில் தரைத்தளத்து மின்மாற்றியிலிருந்து தீ பரவியது. புகை படிக்கட்டு வழியாகவும் குளிர்சாதன வழிகள் ஊடாகவும் மேலேறி பால்கனியை நிறைத்தது. உயிரிழந்த 59 பேரில் பெரும்பாலோர் மூச்சுத் திணறியே மாண்டனர். 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா தாகுரியாவில் உள்ள ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையில், வாகனம் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் சேமித்திருந்த பொருள்களில் தீப்பிடித்தது. அங்கிருந்து எழுந்த புகை குளிர்சாதன டக்டுகள் வழியே மேல்தளங்களுக்குச் சென்று, கண்ணாடியால் அடைத்த கட்டடத்துக்குள்ளேயே தங்கியது. படுக்கையில் இருந்த நோயாளிகள் உட்பட 90 பேருக்கு மேல் இறந்தனர். இரண்டு இடங்களிலும் தீ தொடங்கியது கீழே, மக்கள் இறந்தது மேலே. இடையில் இருந்த வழிகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்த வழிகளை அடைப்பதற்கு நூதனமான தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. கேபிள் செல்லும் துளையில் உரிய அடர்த்தியுள்ள ராக்வுல்லை இறுக்கமாக வைத்து, அதன் மேல் சீலன்ட் என்னும் தீத்தடுப்பு அடைப்புப் பசையைப் பூச வேண்டும். ராக்வுல் கல்லை உருக்கி இழுத்த பஞ்சு. 1,000 டிகிரி செல்சியஸ் அளவிலும் அது எளிதில் உருகாது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், கண்ணாடி இழையாலான கிளாஸ்வுல் அதைவிடப் பல நூறு டிகிரி குறைவான வெப்பத்திலேயே துவண்டு உருகிவிடும் என்பதால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைப்பது சிறு தவறு அன்று. பிவிசி குழாய் செல்லும் இடத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். தீப்பட்டால் குழாயே உருகி விழுந்து, கையளவு துளையைத் திறந்து வைத்துவிடும். எனவே குழாயைச் சுற்றி ஒரு வளையத்தைப் பொருத்துகிறோம். சூடேறியதும் அதனுள் இருக்கும் பொருள் பல மடங்கு உப்பி, இளகிவரும் குழாயை நெரித்துத் துளையை மூடிவிடும். குளிர்சாதன டக்ட் தீத்தடுப்புச் சுவரைக் கடக்கும் இடத்தில் டேம்பர் என்னும் கதவு இருக்கிறது. சுமார் 70 டிகிரியில் உருகும் ஓர் உலோக இணைப்பு அறுந்ததும் அது தானே மூடிக்கொள்ளும். அதையும் காற்று சரியாக வரவில்லை என்று யாரோ கம்பியால் இழுத்துக் கட்டி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாம் விதியில் இல்லாதவை அல்ல. தேசிய கட்டட நெறிமுறைத் தொகுப்பு 2016, அதன் நான்காம் பகுதியில், கேபிள்களும் குழாய்களும் சுவரையும் தளத்தையும் கடக்கும் இடங்களைச் சுற்றியுள்ள இடைவெளியை 120 நிமிடம் தீயைத் தாங்கும் பொருளால் நிரப்பச் சொல்கிறது. தீத்தாங்கு சோதனை உலையில் வெப்பம் முதல் அரை மணியில் ஏறத்தாழ 840 டிகிரியையும், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 945 டிகிரியையும் எட்டும். அந்த உலையில் இரண்டு மணி நேரம் நின்ற அடைப்புக்கும், சிமென்ட் சாக்கைத் திணித்த அடைப்புக்கும் உள்ள வேறுபாடு மேற்பூச்சு போட்ட பிறகு கண்ணுக்குத் தெரியாது. அப்படியானால் மேற்பூச்சுக்கு முன்பே பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எஃகைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஃகு எரியாது என்பதால் அது தீக்கு அஞ்சாது என்று நினைப்பவர்கள் கட்டுமானத் துறையிலேயே இருக்கிறார்கள். ஏறக்குறைய 550 டிகிரியில் அது தன் வலிமையில் பாதியை இழந்துவிடுகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை மேலே உள்ள கான்கிரீட் உறை காக்கிறது. அந்த உறை போதிய கனமில்லாமலோ, சூட்டில் வெடித்து உதிர்ந்தோ போனால் கம்பி நேராகச் சூடேறும். 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் ஏழு மாடி ஜவுளிக் கட்டடம் ஒன்று ஒரு நாளுக்கும் மேலாக எரிந்ததையும், அதன் ஒரு பகுதி சரிந்து விழுந்ததையும், மிஞ்சியதை இடித்தே தீர வேண்டியிருந்ததையும் நம் நகரம் முழுவதும் பார்த்தது. இன்று எஃகுச் சட்டகத்தில் கட்டப்படும் அலுவலகங்களும் கிடங்குகளும் பெருகிவருகின்றன. அவற்றின் தூண்களுக்கு அடிக்கும், சூட்டில் உப்பி எஃகை மூடிக்கொள்ளும் தீத்தடுப்பு பெயின்டின் கனம் மில்லிமீட்டர் கணக்கில் குறிக்கப்படுகிறது. அந்தக் கனத்தைக் கருவி வைத்து அளந்து எழுதிய தாளைக் கேட்கும் அதிகாரியை நான் இன்னும் சந்திக்கவில்லை. அலங்காரப் பெயின்டை மேலே அடித்துவிட்டால் கீழே இருப்பது ஒரு பூச்சா, மூன்று பூச்சா என்று யாருக்கும் தெரியாது.

வெப்பக் காப்புப் பொருள்களைப் பற்றிய என் கவலை இதைவிடவும் பெரிது, ஏனெனில் நல்ல எண்ணத்தில் செய்யப்படும் வேலையே அங்கே ஆபத்தாகிறது. நம் ஊர் வெயிலில் மொட்டைமாடியைக் குளிர்விக்க நம் முன்னோர் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். கனமான வேலை, மெதுவான வேலை. ஆனால் அந்தப் படிவத்தில் எரிவதற்கு எதுவும் இல்லை. இன்று அதன் இடத்தில் தெர்மாகோலும் பாலியூரிதேன் நுரையும் வந்திருக்கின்றன. மின் கட்டணத்தையும் கார்பன் கணக்கையும் குறைக்க அவை உதவுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. கான்கிரீட்டுக்கு மேல், தட்டோட்டுக்குக் கீழ் அவை பாதுகாப்பாகவே இருக்கலாம். ஆனால் தெர்மாகோல் 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்குகிறது. பாலியூரிதேன் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளிவருகிறது. அவற்றை அறையின் உட்கூரையிலும், தகரக் கொட்டகையின் உட்புறத்திலும், கட்டடத்தின் வெளிச்சுவரிலும் மூடாமல் ஒட்டும்போது அவை காப்பு என்ற பெயரை இழந்து எரிபொருளாகின்றன.

வெளிச்சுவரில் ஒட்டினால் என்ன ஆகும் என்பதை லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் உலகம் பார்த்தது. அந்த 24 மாடிக் குடியிருப்பு 1970-களில் கான்கிரீட்டில் கட்டப்பட்டது. குளிரைத் தடுக்கவும் தோற்றத்தைச் சீராக்கவும் 2016-இல் அதைப் புதுப்பித்தபோது, வெளியே நுரைக் காப்புப் பலகைகளையும், அவற்றின் மேல் பாலிஎத்திலீன் உள்ளீடு கொண்ட அலுமினியத் தகடுகளையும் பொருத்தினார்கள். 2017 ஜூன் 14 அதிகாலையில் நான்காம் தளத்துச் சமையலறை ஒன்றில் குளிர்பதனப் பெட்டியில் பற்றிய தீ ஜன்னல் ஓரமாக வெளியேறி, அந்தத் தகடுகளைப் பற்றிக்கொண்டு உச்சி வரை ஏறியது. 72 பேர் இறந்தார்கள். தகடுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் தீயை நிறுத்த வேண்டிய தடுப்புகள் சில இடங்களில் இல்லாமலும், சில இடங்களில் தவறாகவும் பொருத்தப்பட்டிருந்தன. 2024 செப்டம்பரில் இறுதி அறிக்கையை வெளியிட்டபோது விசாரணைத் தலைவர், அந்த இறப்புகள் அனைத்தும் தவிர்த்திருக்கக்கூடியவையே என்று கூறினார். பிரிட்டன் அரசு 2018-இலேயே, இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருள்களைத் தடை செய்துவிட்டது.

நம் ஊரில் அதே போன்ற அலுமினியத் தகடுகள் கடைகளிலும் திருமண மண்டபங்களிலும் மருத்துவமனைகளிலும் பழைய சுவரை மறைத்து ஒட்டப்படுகின்றன. உள்ளீடு பாலிஎத்திலீனா, கனிமம் நிறைத்ததா என்பது தகட்டின் வெளிமுகத்தில் தெரியாது. வெட்டிய விளிம்பைப் பார்த்தாலும் சோதனைச் சான்று இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. பல இடங்களில் அந்தத் தகடு ஜன்னல்களையும் சேர்த்தே மூடிவிடுகிறது. உள்ளே சிக்கியவர் வெளியே தலை நீட்டவும், ஏணியில் வரும் வீரர் உள்ளே நுழையவும் இருந்த கடைசி வழி அதோடு போய்விடுகிறது.

எரியும் பொருளைக் கட்டடத்திலிருந்து விலக்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு, தமிழகப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. கீற்றைக் கண்ணால் பார்த்தாலே அடையாளம் காண முடியும். பளபளக்கும் தகட்டுக்கும் வெள்ளைப் பூச்சுக்கும் பின்னால் இருக்கும் பொருளுக்கு அந்த வசதி இல்லை என்பதால், அதைத் தாளிலும் தளத்திலும் தேடிப் பார்க்கும் பொறுப்பு உங்கள் துறைகளையே சேர்கிறது.

நான் கேட்பது இதுதான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி உயர்ந்த கட்டடங்களாகக் கருதப்படும், 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடங்களிலும், உயரம் எதுவாயினும் மருத்துவமனைகளிலும், டக்டுகளும் ஃபால்ஸ் சீலிங்கும் மூடப்படும் முன்பே ஒரு பார்வையிடலைக் கட்டாயமாக்குங்கள். எல்லாத் தளங்களுக்கும் அலுவலர் வர இயலாது என்பதை அறிவேன். உங்கள் துறைகளின் ஆள் பற்றாக்குறையைக் குறையாகச் சொல்ல இம்மடலை எழுதவில்லை. ஒவ்வொரு துளைக்கும் ஓர் எண் கொடுத்து, அடைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தோடு, பயன்படுத்திய பொருளின் சோதனைச் சான்றையும் அடைத்தவர், சரிபார்த்த பொறியாளர் ஆகியோரின் கையொப்பத்தையும் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லலாம். உங்கள் அலுவலர் தமக்குத் தோன்றிய ஐந்தாறு எண்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் உடைத்துப் பார்த்தால் போதும். எந்த எண் உடைக்கப்படும் என்பது முன்கூட்டித் தெரியாதபோது எல்லா எண்ணும் ஒழுங்காக இருக்கும். வெளிச்சுவர்த் தகட்டுக்கும் காப்புப் பொருளுக்கும் தனித்தனியாகச் சான்று பெறுவதோடு நிறுத்தாமல், அவை சேர்ந்து நிற்கும் முறைக்கே சோதனைச் சான்று கேளுங்கள். தனியே சோதிக்கும்போது தேறும் பொருள் மற்றொன்றோடு சேர்ந்தால் வேறுவிதமாக எரியக்கூடும்.

கட்டி முடிந்த பிறகு நடப்பதையும் இந்தப் பதிவேடு காக்க வேண்டும். ஒழுங்காக அடைத்த டக்டைக்கூட, இணைய இணைப்புக்காக வரும் ஒருவர் ஒரே பிற்பகலில் கோர் கட்டிங் போட்டு, அதாவது இயந்திரத்தால் வட்டமாகத் துளையிட்டுக் கெடுத்துவிட முடியும். துளையிட்டவர் மஞ்சள் நுரையை அடித்துவிட்டுப் போகிறார்; அந்தச் சாதாரண நுரை எரியும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரைக் குற்றம் சொல்லிப் பயனும் இல்லை. தீத்தடுப்புச் சுவரிலோ தளத்திலோ துளையிடுவதற்குக் குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும் என்றும், அதே வாரத்தில் அதை உரிய முறையில் அடைத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் ஒரு சுற்றறிக்கை வந்தால், சங்கங்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். இப்போது கேள்வி கேட்கும் சங்கச் செயலாளரின் கையில், எடுத்துக் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லை.

செலவைப் பற்றி ஒப்பந்தக்காரர்கள் பேசுவார்கள். ஒரு தளத்தின் துளைகளை முறையாக அடைக்க ஆகும் தொகை, அதே தளத்தின் வரவேற்பறைப் பளிங்குக்கு ஆகும் தொகையோடு ஒப்பிட மிகச் சிறியது என்பதை விலைப்பட்டியல்களைப் பார்த்தே சொல்கிறேன். மேலும் அந்தத் தொகை பெரும்பாலும் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டு, வசூலிக்கப்பட்டும் விடுகிறது. வேலைதான் நடப்பதில்லை.

இத்தகைய பதிவேட்டின் மாதிரிப் படிவம் ஒன்றை நானும் உடன் பணியாற்றும் சிலரும் எங்கள் பணித்தளங்களில் கடந்த நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். ஒரு தளத்துக்கு ஓர் ஆளின் அரை நாள் வேலை அது. உங்கள் அலுவலர்கள் விரும்பும் நாளில் அதை எடுத்துவந்து விளக்கவும், எண்ணைச் சொன்னால் அந்த இடத்தை அவர்கள் முன் உடைத்துக் காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கட்டடப் பணிகள் பொறியாளர் ஒருவர்,
சென்னை.