எத்தனை நாள் என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணு,

சுவிட்சர்லாந்துக்கு எத்தனை நாள் போகலாம் என்று நீ போனில் கேட்டதற்கு, அப்பா "ஒரு வாரம் போதும்டா" என்று சொல்லி வைத்துவிட்டார். அவருடையது தோப்புக் கணக்கு. மே நடுவில் தேங்காய் வெட்டு முடிந்தால் அடுத்த வெட்டுக்கு 45 நாள் ஆகும். இடையில் தண்ணீர் விடவும் மாட்டைப் பார்க்கவும் ஆள் இருக்கிறது. அதனால் அவர் சொல்லும் சாக்கை ஓரமாக வைத்துவிட்டு நான் எழுதுவதைப் படி.

நீ அனுப்பிய டூர் நோட்டீஸைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தேன். 12 நாளில் 7 நாடு. எந்த ஊரிலும் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கல் இல்லை. பாதி நாட்களில் காலை ஆறரைக்குப் பெட்டி அறை வாசலில் இருக்க வேண்டுமாம். உன் சின்னவனை ஆறரைக்கு எழுப்பிப் பல் விளக்க வைப்பது எப்படி என்று நோட்டீஸில் போடவில்லை. அப்பாவின் முட்டிக்கு பஸ்ஸில் ஏறி இறங்குவதே ஒரு வேலை. ஏழு நாட்டில் இறங்கினோம் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். வேண்டாம்.

நாமாகவே போய் மூன்று வாரம் இருக்கலாம் என்று நீ சொன்னதும் எனக்குச் சரிப்படவில்லை. அது விலை கூடிய ஊர். ஆறு பேர் வேளாவேளைக்கு ஓட்டலில் சாப்பிட்டுக் கட்டாது, சமையலறை உள்ள வீடுதான் எடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சமையலறையில் யார் நிற்பது? நானும் மருமகள் பவித்ராவும்தான். ஒரு வாரம் ஆசையாகச் செய்வோம், இரண்டாவது வாரம் சமாளிப்போம். மூன்றாவது வாரம் அங்கே மலை தெரிகிறதா என்றுகூட எட்டிப் பார்க்க மாட்டோம். பயண இன்சூரன்ஸ் பிரீமியமும் நாள் கூடக் கூட ஏறும், வயசு கூடக் கூட ஏறும். எங்கள் இருவருக்கும் கேட்கிற தொகையைப் பார்த்தால் உனக்கே புரியும்.

என் கணக்கு இது. வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் ஏறுகிறோம். சனிக்கிழமை ஜூரிக்கில் இறங்கி நேராக மலையடிவாரத்து ஊரான இன்டர்லாக்கன் பக்கம் போய்விடுகிறோம். அங்கே வாடகை வீடுகளைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வார வாடகைக்குத்தான் விடுகிறார்கள், நமக்கும் அது தோதாக அமைகிறது. ஒரு வாரம் அங்கே, பிறகு ஏரிக்கரை ஊரான லூசெர்னில் ஆறு ராத்திரி. வெள்ளிக்கிழமை கிளம்பினால் சனிக்கிழமை வீடு. ஞாயிற்றுக்கிழமையை துணி துவைக்கவும் தூங்கவும் விட்டுவிடு. உனக்கு 10 நாள் லீவு போதும், அங்கே 13 ராத்திரி கிடைக்கும். பெட்டியைக் கட்டி அவிழ்ப்பது ஒரே ஒரு தடவை.

ஒரே இடத்தில் ஏழு நாள் எதற்கு என்று நீ கேட்பாய். முதல் காரணம் அப்பாவின் தூக்கம். மே மாதத்தில் அவர்கள் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கே ஐந்து மணிக்கு எழுந்து பழகினவருக்கு அங்கே ராத்திரி ஒன்றரைக்கே விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். சாயங்காலமோ ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், பேரப்பிள்ளைகள் படுக்க மாட்டார்கள். இது ஒழுங்குக்கு வர மூன்று நாலு நாள் ஆகும். சர்க்கரை மாத்திரை நேரத்தையும் அதற்கேற்ப மாற்றணும், டாக்டரிடம் நானே கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

அடுத்தது மேகம். பனிமலைக்கு ஏறிப் போகிற ரயிலின் கடைசி நிலையமான யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவ்வளவு பணம் கொடுத்து ஏறிப் போய் வெள்ளைத் துணி கட்டின மாதிரி மேகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். மேலே கேமரா வைத்திருக்கிறார்கள், காலையில் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். தெளிவாக இருந்தால் அன்றைக்குக் கிளம்பணும், இல்லையென்றால் சின்னவனைக் கூட்டிக்கொண்டு லவுட்டர்புருன்னனில் அருவி பார்க்கப் போகணும். இரண்டு நாள் தங்கலில் அந்த வசதி கிடையாது. அப்பாவின் பிரஷருக்கு அந்த உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று முன்னாடியே டாக்டரிடம் கேட்டாக வேண்டும். ஒத்துக்கொள்ளாது என்றால் நானும் அவரும் கீழேயே இருந்துகொள்கிறோம். ஒரு பனிமலை போதும், டிட்லிஸ் வேறு வேண்டாம்.

ரயில் பாஸ் பற்றி ஒரு வார்த்தை. ஸ்விஸ் டிராவல் பாஸ் தொடர்ச்சியாக 3, 4, 6, 8, 15 நாளுக்கு என்றுதான் கிடைக்கிறது. 8 நாள் பாஸ் இருக்கிறதே என்று பயணத்தை எட்டு நாளாக வெட்டாதே. ஒரு மாதம் செல்லும் அரைக் கட்டண அட்டையும் உண்டு, தினமும் ஊர் சுற்றாத நமக்கு அது கட்டுப்படியாகலாம். பெரியவளுக்கும் சின்னவனுக்கும் பெற்றோரோடு போனால் இலவசம். இன்டர்லாக்கனில் தங்கினால் தரும் விருந்தினர் அட்டையைக் காட்டி உள்ளூர் பஸ்ஸில் சும்மாவே போகலாம். நாலு பெரியவர்களுக்கு எது மலிவு என்று நீயே உட்கார்ந்து போட்டுப் பார்.

இன்டர்லாக்கனிலிருந்து தலைநகர் பெர்னுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த ஊரில் எட்டு மதத்தாருக்கும் பொதுவாக 2014-ல் ஒரு கட்டடம் திறந்தார்கள். அதில் ஈழத்துத் தமிழர்கள் நடத்தும் சிவன் கோயில் இருக்கிறது, பூசை தமிழில். அப்பாவை வீட்டை விட்டுக் கிளப்ப எனக்கு அந்த ஒரு செய்தி போதும். கறிவேப்பிலையும் அந்தப் பக்கத் தமிழ்க் கடைகளில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமை இறங்கினதுமே பாலும் அரிசியும் வாங்கிவிட வேண்டும்.

பாரிஸ் இதில் இல்லையே என்று பவித்ரா முகம் வாடும். அவளுக்கு அந்தக் கோபுரத்தைப் பார்க்கிற ஆசை ரொம்ப நாளாக இருக்கிறது. ஆறு பேரும் போக வேண்டாம். லூசெர்னில் இருக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் இரண்டு ராத்திரி போய்விட்டு வாருங்கள். எல்லையில் இருக்கும் பாசெல் போய் ஏறினால் மூன்று மணி நேர ரயில்தான். பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை மேய்த்தவளுக்கு இரண்டு பேர் பெரிசில்லை. குடும்பத்தோடு போனோம் என்றால் எல்லா நாளும் எல்லாரும் ஒட்டிக்கொண்டே திரியணும் என்று இருக்கிறதா?

விசாவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சுவிஸுக்கும் பிரான்ஸுக்கும் ஒரே விசாதான். அதிக ராத்திரி எந்த நாட்டில் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம் போடணும், பாரிஸ் இரண்டு ராத்திரி என்றால் சுவிஸ்தான். பெரியவர்களுக்கு 90 யூரோ, பெரியவளுக்குப் பாதி, சின்னவனுக்குக் கட்டணம் இல்லை. விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது, அதனால் முதலில் எத்தனை நாள் என்பதை முடிவு செய்துவிட்டு அப்புறம் விண்ணப்பத்தைத் தொடு. ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். திரும்பும் தேதிக்கு மேல் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லணும், எங்களுடையது இரண்டையும் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. மே மாத முதல் பாதியில் சில ரோப்கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள், ஆகையால் மாதக் கடைசியைப் பார்த்துப் பிடி. ஆனால் பெரியவள் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் திரும்பிவிட வேண்டும்.

இன்னொன்று. பத்து நாள் லீவு என்று நான் போட்டது உன் ஆபீஸ் லீவு. பவித்ராவுக்கு அவள் ஆபீஸில் எத்தனை நாள் கொடுப்பார்கள் என்று நம்மில் யாரும் கேட்கவே இல்லை. இன்றைக்கே கேள். ஏழுதான் என்றால் லூசெர்னைக் குறைத்துக்கொள்ளலாம், இன்டர்லாக்கன் வாரத்தில் கை வைக்காதே.

அன்புடன்,
அம்மா