9-வதுல இருந்த பிள்ளைங்க 10-வதுல எங்க போனாங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பிளஸ் 1 பொதுத்தேர்வை எடுத்துட்டதைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. அதுல "பரீட்சை பயம் இருந்தாத்தான் பிள்ளைங்க படிக்கும்"னு ஒரு வரி. படிச்சதுல இருந்து மனசே ஆறலைங்க. 18 வருசமா உங்க பேப்பர்தான் எங்கூட்டுக்கு வருது, அந்த உரிமைல எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க வீட்டுல பரீட்சை பயம் இல்லாத நாளே கிடையாது. என் பொண்ணு 6-வதுல இருந்து 9-வது வரைக்கும் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல படிச்சா. வாரத்துக்கு 3 ஸ்லிப் டெஸ்ட், மாசாந்திர டெஸ்ட், மிட் டேர்ம், காலாண்டு, அரையாண்டு, நடுவுல ரிவிஷன். கணக்குல 34 வரும், 41 வரும், ஒரு தடவை 29. ரேங்க் கார்டுல கையெழுத்து வாங்குவாங்க, மீட்டிங்ல "வீட்டுல நீங்க கவனிக்கறதில்ல"ம்பாங்க, சரின்னு நான் தையல் மிஷின்ல சம்பாதிச்ச காசுல டியூஷன் வெச்சேன், அங்க போனா அங்கயும் டெஸ்ட்டுதான். 4 வருசத்துல அத்தனை பேப்பர் திருத்தினாங்களே, அதுல ஒண்ணையாவது பிரிச்சு வெச்சு இந்தப் பொண்ணு எந்த இடத்துல தப்பு பண்றான்னு ஒருத்தர் பார்த்திருக்கக் கூடாதா.

2023 ஏப்ரல்ல கூப்பிட்டு விட்டாங்க. "மெல்லக் கற்கும் மாணவி"ங்க, 10-வதுல இவ பாஸ் பண்றது கஷ்டம், ஸ்கூலோட 100 சதவீதம் போயிரும், நீங்களே விருப்பப்பட்டு டிசி கேக்கற மாதிரி ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருங்கன்னாங்க. நான் அழுதேன், எங்கூட்டுக்காரர் கெஞ்சினார். அவ வெளிய பெஞ்சுல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. அந்த வருசம் அப்படி அனுப்பின பிள்ளைங்க மொத்தம் 11 பேர். நம்ம ஊர்ல 8-வது வரைக்கும் யாரையும் ஃபெயில் ஆக்கக் கூடாது, ஸ்கூலை விட்டும் அனுப்பக் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்லுச்சு, 2019-ல அதைத் திருத்தி 5-வதுலயும் 8-வதுலயும் ஃபெயில் ஆக்கறதை மாநிலங்க முடிவுக்கு விட்டாங்க, ஆனாலும் நம்ம ஊர்ல பழையபடிதான், உங்களுக்குத் தெரியாததா. 9-வது வந்துட்டா அந்தப் பாதுகாப்பு போயிருது, சல்லடையைக் கரெக்டா அங்க கொண்டாந்து வெக்கிறாங்க.

பக்கத்து அரசுப் பள்ளில சேர்த்தோம். அங்க கணக்கு டீச்சர் மொத வாரமே 20 கேள்வி குடுத்தாங்களாம், எல்லாம் 6-வது 7-வது பாடம், மார்க்கே போடல. என்னைக் கூப்பிட்டு அந்தப் பேப்பரைக் காட்டினாங்க. அடைப்புக்குறிக்கு வெளிய மைனஸ் இருந்தா உள்ள இருக்கற குறியெல்லாம் மாறணும், அதை இவ முழுசா மாத்தறதில்ல, மொத எண்ணுக்கு மட்டும் மாத்திட்டு மத்ததை அப்படியே எழுதிடறா, அல்ஜீப்ரா பூரா அதனாலதான் சரியுது, பொண்ணுக்கு மூளை இல்லாம இல்லீங்கன்னாங்க. 10 நாள் சாயங்காலம் உக்கார வெச்சு அதை மட்டும் சொல்லிக் குடுத்தாங்க. 2024-ல 10-வது பாஸ் பண்ணினா, கணக்குல 61, இப்ப பாலிடெக்னிக் படிக்கறா. அந்த டீச்சர் வெச்சதும் டெஸ்ட்டுதானுங்களே. பிள்ளைக்கு என்ன தெரியலைன்னு பார்க்க வெச்சாங்க. மத்தவங்க வெச்சது ஸ்கூல் வாசல்ல போர்டு மாட்ட.

பையன் கதை வேற. 2020-ல கொரோனாவால 10-வது பரீட்சை நடக்கல, எல்லாரும் பாஸ், மார்க்கு மட்டும் காலாண்டு அரையாண்டுல இருந்து 80 சதவீதம், வருகைப் பதிவுல இருந்து 20 சதவீதம்னு போட்டாங்க. அவன் படிச்ச ஸ்கூல்ல அரையாண்டுக்கு எப்பவும் கையை இறுக்கித்தான் திருத்துவாங்க, பயந்து போய் மார்ச்சுக்கு நல்லாப் படிப்பான்னு. அந்த மார்ச்சே வரலையே. பயமுறுத்தறதுக்குப் போட்ட மார்க்கு அவன் சர்ட்டிபிகேட்ல ஏறிருச்சு, அதைப் பார்த்துட்டு பயாலஜி குரூப் தர மாட்டேன்னுட்டாங்க. அவன் யார்கிட்ட போய்க் கேக்கறது?

பிளஸ் 1 பொதுத்தேர்வை நான் வேணும்னும் சொல்லல வேண்டாம்னும் சொல்லல. 2017-18-ல அதை எதுக்குக் கொண்டு வந்தாங்க? 11-வது புக்கைத் தொடாமலே ஜூன்ல இருந்து 12-வது பாடத்தை 2 வருசம் ஓட்டறாங்கன்னுதானே. எங்க அக்கா பையன் அதுக்கு முன்னாடி அப்படிப் படிச்சவன்தான், பிளஸ் 2-ல கணக்குல சென்டம், இன்ஜினியரிங் மொத வருசம் மேத்ஸ்ல அரியர். புக் பேக் கேள்வியெல்லாம் நம்பரோட ஒப்பிச்சவனுக்கு லிமிட்ஸ்னா என்னன்னு தெரியல. சென்டம் வாங்கினப்போ அவன் போட்டோ ஊர் பூரா பேனர்ல இருந்துச்சு. அரியர் வெச்சப்போ அந்த ஸ்கூல்ல இருந்து ஒரு போன் கூட வரல.

2019-ல 5-வதுக்கும் 8-வதுக்கும் பொதுத்தேர்வுன்னாங்க, 2020 பிப்ரவரில வேண்டாம்னு எடுத்தாங்க. அந்த அஞ்சு மாசத்துல எங்க தெருவுல 10 வயசுப் பிள்ளைங்க ஸ்பெஷல் கிளாஸ் முடிச்சு இருட்டினப்புறம் வீட்டுக்கு வந்ததை நான் கண்ணால பார்த்தேன். பயத்துல படிச்சதுங்கதான் அதுங்களும். என்ன மிஞ்சுச்சு, சொல்லுங்க.

ஐயா, உங்க பேப்பர் மேலயும் எனக்கு வருத்தம் இருக்கு. 2017-ல அரசு ரேங்க் அறிவிக்கறதை நிறுத்துச்சு. ஆனா ஒவ்வொரு மே மாசமும் உங்க மொதப் பக்கத்துல முழுசா விளம்பரம், யூனிபார்ம் போட்ட பிள்ளைங்க போட்டோவா அடுக்கி, கீழ "100 சதவீத தேர்ச்சி"ன்னு. அதைப் பார்க்கற ஒவ்வொரு தடவையும் என் பொண்ணு பேப்பரை மடிச்சு வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவா. விளம்பரத்தை நிறுத்துங்கன்னு கேக்கற அளவுக்கு எனக்கு விவரம் இல்லாம இல்ல, அதுல எத்தனை பேர் சம்பளம் இருக்குன்னு புரியுது.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த ரிசல்ட் வரும்போது 100 சதவீதம்னு ஒரு ஸ்கூல் பேரை நீங்க செய்தியா போட்டா, பக்கத்துலயே அதுக்கு முந்தின வருசம் அங்க 9-வதுல எத்தனை பேர் இருந்தாங்க, 10-வது எழுதினது எத்தனை பேர்னு ரெண்டு நம்பர் சேர்த்துப் போடுங்க. எமிஸ்னு அரசு கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கற மாணவர் பதிவுல ஒவ்வொரு பிள்ளைக்கும் நம்பர் இருக்கு, கணக்கு எடுக்க முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. நான் போய்க் கேட்டா ஆபீஸ் வாசல்லயே உக்கார வெச்சுருவாங்க, நீங்க கேட்டா குடுப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
நாமக்கல் மாவட்டம்.