ஃப்ளாரன்ஸுக்கு ஒரு முழு நாள் வேணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இத்தாலி டூர் பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்தது, ஆனா ஃப்ளாரன்ஸுக்கு அரை நாள் போதும்னு போட்டிருந்ததை மட்டும் என்னால ஏத்துக்க முடியல. முதல் தடவை குரூப்போட போனப்போ எங்களுக்குக் கிடைச்சது ரெண்டே மணி நேரம். சதுக்கத்துல நிக்கிற, சிற்பி மைக்கேலாஞ்சலோவோட டேவிட் சிலை முன்னாடி போட்டோ எடுத்துட்டு பஸ் ஏறிட்டோம், அது நகல், அசல் 1873லயே அகாடமியாங்கிற மியூசியத்துக்குப் போயிடுச்சுன்னு வீடு திரும்பினப்புறம்தான் தெரிஞ்சுது. மனசு ஆறவே இல்ல.

ரெண்டாவது தடவை நானும் வீட்டுக்காரரும் மட்டும் போனோம். காலைல உஃபிஸி மியூசியம். எல்லா ரூமும் பாக்கணும்னு ஓடாம, போட்டிசெல்லி வரைஞ்ச பிரிமாவேரா முன்னாடியே ரொம்ப நேரம் நின்னுட்டோம். அந்தப் படத்துல ஒரு பொண்ணு வாயிலேர்ந்து பூவா கொட்டுது, பக்கத்துல நிக்கிறவ டிரஸ் முழுக்க பூ, காலடிப் புல்லுலயும் பூ, அதுல நூறு வகைக்கு மேல செடிங்களை தாவர ஆராய்ச்சி பண்றவங்க பேர் சொல்லி அடையாளம் கண்டிருக்காங்க. மரப்பலகை மேல ஒரு தோட்டத்தையே வளர்த்து வெச்சிருக்காரு மனுஷன்.

மத்தியானம் ஆர்னோ ஆத்தைத் தாண்டி போபோலி தோட்டத்துக்கு நடந்தோம். போற வழில தலைக்கு மேல பாலத்துக் கடைங்க மேலயே ஒரு நடைபாதை ஓடும், 1565ல வசாரிங்கிற கட்டடக் கலைஞர் அஞ்சே மாசத்துல கட்டினது, அந்த ஊரை ஆண்ட மெடிசி குடும்பத்துக்காரங்க ஆபீஸ்லேர்ந்து அரண்மனைக்கு தெருவுல இறங்காமலே போய்வர. அது ஒரு கிளையா வெளிய வர்ற இடம் போபோலி தோட்டத்துல புவொன்டாலென்டி குகைங்கிற செயற்கைக் குகைப் பக்கத்துலதான். அந்தக் குகைச் சுவர்ல கல்லு மெழுகு மாதிரி உருகி வழியுது, உத்துப் பாத்தா அதுக்குள்ள ஆடும் மேய்க்கிறவனும் தெரியறாங்க. மூலைக்கு ஒண்ணா மைக்கேலாஞ்சலோவோட கைதிகள் சிலை, இதுவும் நகல்தான், பாதி உடம்பு கல்லுக்குள்ளயே மாட்டி திமிறிக்கிட்டு நிக்கிறாங்க. அசலை அகாடமியாவுல பாத்துட்டு இங்க வந்து பாருங்க, மியூசியமும் தோட்டமும் ஒரே வீட்டோட ரெண்டு கட்டுன்னு அப்பதான் புரியும், ஒண்ணை விட்டுட்டா இன்னொண்ணு பாதிதான்.

இதெல்லாம் இன்னும் அந்த ஊர்லயே இருக்குன்னா அதுக்குக் காரணம் அன்னா மரியா லூயிசான்னு மெடிசி வம்சத்தோட கடைசிப் பொண்ணு. 1737ல குடும்பச் சொத்தை அடுத்த ஆட்சிக்காரங்களுக்குக் குடுக்கும்போது ஒரு பொருளும் ஃப்ளாரன்ஸை விட்டுப் போகக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க, வெளியூர்க்காரங்க வந்து பாக்கணும்னு சேர்த்தே எழுதியிருக்காங்க. நம்மளத்தான் சொல்றாங்க சார். அவங்களுக்கு ஒரு முழு நாள் குடுக்கக் கூடாதா?

அடுத்த கட்டுரைல இதைத் திருத்திப் போடுங்க, திங்கக்கிழமை உஃபிஸி லீவுங்கறதையும் மறக்காம சேர்த்துடுங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரை தினமும் படிக்கிற வாசகி